முப்பத்தெட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஹேண்டில்பார். விளம்பரத்தில் எல்லாரும் 'புத்தம் புதிது' என்றுதான் போடுவார்கள், நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். பெட்டியைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை பிரித்தேன். லேபிளைப் பார்த்தேன். அப்படியே மூடிப் பரண் மேல் போட்டேன். ஒன்றேகால் வருடமாகப் பரணில்தான் கிடந்தது.

உட்காருங்கள், வெண்ணிலா. வெண்ணிலாதானே? போனில் சரியாகக் கேட்கவில்லை. உடுமலையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். நான் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். எனக்குக் கழுத்து திரும்பாது. முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாளே என்று நினைக்கக் கூடாது. பல வருடத்துத் தொல்லை. தலையணைதான் காரணம். நாலு தலையணை மாற்றிவிட்டேன், ஒன்றும் சரிப்படவில்லை.

'வேண்டாம்னா எதுக்குங்க்கா வாங்கினீங்க' என்று கேட்டீர்கள் அல்லவா? நான் கேட்டது நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலம். வந்தது முப்பத்தெட்டு. கடைக்காரன் செய்த தப்பு. அந்தத் தப்பால் எங்களுக்கு என்ன போயிற்று என்பது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு? நிறைய நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

என் தொழிலே அளப்பதுதான். நெதர்லாந்தில் ஐந்தோவன் என்று ஓர் ஊர், அங்கே பத்தொன்பது வருடம். இயந்திர பாகங்கள் வரும், அளந்து, சரி அல்லது தள்ளுபடி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமுடியை நூறாகப் பிளந்தால் ஒரு கீற்று வருமே, அந்தக் கனத்தில் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம். 'அளவு பொய் சொல்லாது' என்று நான் அடிக்கடி சொல்வேன். அவருக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். "பொய் சொல்லாது அம்மிணி. ஆனா நீ என்ன கேட்டயோ அதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும்" என்பார்.

அவர் என்றால் என் கணவர், தண்டபாணி. அதோ படத்தில் ஹெல்மெட்டோடு இருக்கிறாரே. மாலை போடுகிற படத்துக்கு ஹெல்மெட்டா என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள். வேறு எந்தப் படத்திலும் இந்தச் சிரிப்பு இல்லை, நான் என்ன செய்ய? எட்டு மாதம் ஆகிறது.

அந்த ஊரில் எல்லாரும் சைக்கிள்தான். ஆனால் மேடே கிடையாது, பாலம் ஏறினால் அதுதான் மலை. அவர் அங்கே மேனுவல் மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். கூடை வைத்த சைக்கிளில் காய்கறி வாங்கப் போவதோடு சரி. எனக்குத்தான் பைத்தியம். ரோடு பைக், கிடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், முன்னால் குனிந்து மிதிப்பது, எல்லாம் என் ஆசை. ஊர் திரும்பி இங்கே வடவள்ளியில் வீடு எடுத்ததும் அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனேன். கணுவாய், தடாகம், மாங்கரை செக்போஸ்ட், அப்புறம் ஆனைகட்டி ஏற்றம். மேலே ஒரு டீக்கடை. அங்கே டீ குடித்துவிட்டு இறங்கினால் அந்த வாரம் முடிந்தது. நாற்பத்தாறு வயதில் சைக்கிள் ஏறுகிறாளே என்று இந்தத் தெருவே பார்த்தது. அவர் என்னைவிட நாலு வயது பெரியவர், அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது வருடம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, அந்த டீக்கடையில் கையை உதறிக்கொண்டே இருந்தார்.

"என்ன, மரத்துப்போகுதா?" என்றேன்.

"கை கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்க மாட்டீங்குது."

"அதான் கேட்கறேன். மரத்துப்போகுதா?"

"சரி, அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மேலே குளிர் அல்லவா.

எனக்குப் பொறி தட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவரைத் திருப்பி நிறுத்தித் தோளை அளந்தேன். தோளின் உச்சியில் இரண்டு பக்கமும் எலும்பு முடிச்சு இருக்கும், தொட்டால் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்ன அகலமோ அதுதான் ஹேண்டில்பாரின் அகலம். நாற்பத்தொன்று புள்ளி ஆறு. சைக்கிளோடு வந்தது நாற்பத்திநாலு! கை அகன்று, பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்குகிறது. நாற்பத்திரண்டில் அலுமினியம் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். முதல் வாரம் ஓட்டிவிட்டு வந்து, "ஆகா, இதுதான் அம்மிணி!" என்றார். உங்களுக்குத் தெரியுமா, ஒரு கோளாறைக் கண்டுபிடித்து, அளந்து, சரி செய்து, அவர் வாயால் 'இதுதான்' என்று கேட்பதில் இருக்கிற சந்தோஷம்? எனக்கு அதற்கு ஈடாக எதுவும் கிடையாது. அவருக்கு அது தெரியும்.

ஜூன் மாதம் மறுபடி கையை உதறினார். இந்தத் தடவை ரோட்டைக் குறை சொன்னேன். தடாகம் ரோட்டில் செங்கல் லாரி ஓடி ஓடிப் பள்ளம், அதிர்வெல்லாம் கையில்தானே ஏறும்? கார்பன் ஹேண்டில்பார் அதிர்வை வாங்கிக்கொள்ளும். இரண்டு வாரம் நானும் அவரும் படம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. நான் ஒவ்வொன்றின் வளைவையும் ஆழத்தையும் சொல்லச் சொல்ல, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார். ஹேண்டில்பாரைப் பார்க்கச் சொன்னால் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இங்க பாருங்க பாணி, படம் இங்க இருக்குது" என்று முகத்தைத் திருப்பிவிட வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குப் பொல்லாத சோம்பேறித்தனம் வந்தது. சிரிக்காதீர்கள், கேளுங்கள். பத்தொன்பது வருடம் வெள்ளைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்ட மனிதர், கோயமுத்தூர் வந்து ஸ்பூன் கேட்டார். "அங்க கை, இங்க ஸ்பூனா? ஊர் மாறி வந்துட்டீங்களே" என்று என் தங்கை வீட்டில் எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். வேட்டி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அவர் ஒட்டிக்கோ வேட்டி வாங்கி வந்தார். ஸ்கூல் பையன் மாதிரி இடுப்பில் பட்டை ஒட்டிக்கொண்டு நின்றார். தண்ணி பாட்டில் மூடியை என்னிடம் நீட்டுவார், "நீதான் பலசாலி." ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நீலகிரித் தைலம் போட்டு என் கழுத்தை நீவிவிடுவார், அதையும் நிறுத்திவிட்டார். ஹேண்டில்பாருக்கு டேப் சுற்றுவதில் கெட்டிக்காரர், நூல் பிடித்த மாதிரி வரும். அந்த ஆகஸ்டில் சுற்றினார், பாருங்கள், கோணல் மாணல். பிரித்துவிட்டு நானே சுற்றினேன். "வயசாச்சுன்னா வேலையில அக்கறை போயிருமா?" என்றேன். பக்கத்தில் நின்று கத்தரியை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஆமாம், சோம்பேறித்தனம். ஆனால் சைக்கிளுக்கு மட்டும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அதிலிருந்தே கோளாறு ஆளிடம் இல்லை, சாமானில்தான் என்று தெரியவில்லையா?

செப்டம்பரில் மூன்றாவது. கொம்பு கீழே போகப் போக வெளிப்பக்கம் விரியும், பிடி நன்றாகக் கிடைக்கும், பிரேக்கும் சுலபம். ஜெயசீலன் கடையில் வாங்கியது. அவன்தான் நான் சொன்ன கடைக்காரன். நல்ல மாதிரியாகப் பேசுவான், 'அக்கா அக்கா' என்பான். மாட்டிய அன்றைக்கு இவர் கடை வாசலிலேயே ஒரு சுற்று சுற்றி வந்து, "ஆகா, இதுதான்" என்றார். ஜெயசீலன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தான். நான் விடவில்லை. சாமானை விற்றுவிட்டு அது உதவாது என்று தெரிந்தால் டாக்டரைக் காட்டுவார்கள், பார்த்திருக்கிறேன்.

தீபாவளி கழிந்து இரண்டாவது ஞாயிறு. ஆனைகட்டியிலிருந்து இறங்குகிறோம். நான் முன்னால் போய் மாங்கரை செக்போஸ்ட்டில் நிற்கிறேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆளைக் காணோம். அந்த ரோட்டில் ஆனை வரும், உங்களுக்குத் தெரியும். திருப்பிக்கொண்டு ஏறினேன். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே உண்ணிச்செடிப் புதரில் சைக்கிள் சொருகிக் கிடக்கிறது. அவர் ரோட்டோரம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். முழங்கையெல்லாம் முள் கீறல். சிரிக்கிறார்.

"என்னாச்சு?"

"நானேதான் புதருக்குள்ள விட்டேன். அந்தப் பக்கம் பள்ளம்."

"எதுக்கு விட்டீங்க? பிரேக் பிடிக்க வேண்டியதுதானே?"

"எட்டல அம்மிணி."

எட்டவில்லை! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அகலம் சரி, அதிர்வு சரி, பிடி சரி. முன்னால் நீளுகிற நீளத்தை, ரீச் என்பார்கள், அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

"அப்ப ரீச் ஜாஸ்தி!" என்றேன். சத்தமாகவே சொன்னேன், சந்தோஷத்தில்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா அம்மிணி" என்றார். "ரீச்தான் ஜாஸ்தி."

மறுநாளே ஜெயசீலனிடம் சொல்லிவிட்டேன். இதோ இந்தப் பெட்டியில் இருப்பதுதான். ரீச் ரொம்பக் குறைவு, சின்னக் கைக்கும் பிரேக் எட்டும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆறு வாரம் என்றான். நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டான், நான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருந்தார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் நான் லேப்டாப் முன்னால் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறேன். பின்னால் வந்து என் தோளில் அளக்கிற டேப்பை வைக்கிறார். டேப் நழுவுகிறது. மறுபடி வைக்கிறார், மறுபடி நழுவுகிறது. "என்ன பண்றீங்க?" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டேன். "உனக்கொரு ஜாக்கெட் வாங்கலாம்னு. மலையில குளிருது." எப்படியோ அளந்தார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். அளந்து முடித்தும் போகவில்லை. இரண்டு கையையும் என் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் கேமராவில் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சம். "கையை எடுங்க பாணி, மீட்டிங்ல இருக்கேன்." எடுத்துவிட்டார். அந்த ஜாக்கெட் வரவே இல்லை. மறந்திருப்பார்.

புதரில் விழுந்த எட்டாவது நாள், "வா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றார். அவினாசி ரோட்டில் ஆஸ்பத்திரி. கார் நிறுத்துகிற இடம்கூடக் கேட்காமல் போய் நின்றார். ரிசப்ஷனில் அந்தப் பெண் "வாங்க சார்" என்கிறாள். டாக்டர் மேசையில் அவர் பெயர் போட்ட ஃபைல், இவ்வளவு மொத்தம். ஜூலையிலிருந்து! நாலு மாதமாகத் தனியாக வந்து போயிருக்கிறார். நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருகிற வியாதி. கையில் ஆரம்பிக்கும், அப்புறம் கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது.

டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டுல நீங்க எதுவும் கவனிக்கலீங்களா மேடம்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கவனிக்கவில்லையா? நானா? "கவனிக்காம என்ன டாக்டர்? முதல்ல நாற்பத்திநாலு இருந்துச்சு, அளந்து பார்த்து நாற்பத்திரண்டு போட்டேன். அப்புறம் கார்பன். அப்புறம்..." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவர் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தார். பிடித்தார் என்றால், கையைக் கொண்டுவந்து என் கை மேல் வைத்தார்.

வெளியே வந்து கார் பக்கத்தில் நின்று கேட்டேன். "நாலு மாசம். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா ஞாயித்துக்கிழமை போயிருமே அம்மிணி" என்றார். "நீ என்னைய சைக்கிள் ஏற விட்டிருப்பயா?"

எப்படி விடுவேன்? ஆனால் நான் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை. டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன், இன்னும் ஒரு தடவை ஆனைகட்டி போக முடியுமா என்று. கையில் கொஞ்சம் பிடிமானம் இருக்கும்வரை, கூட ஆள் இருந்தால், போகலாம் என்றார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அந்த ஹேண்டில்பார் வந்துவிட்டால் பிரேக் எட்டும். எட்டினால் ஒரு ஞாயிறு. ஒரே ஒரு ஞாயிறு, மேலே போய் ஒரு டீ, அவ்வளவுதான். தினமும் ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். துறைமுகத்தில் நிற்கிறது என்பான், கஸ்டம்ஸில் நிற்கிறது என்பான். ஆறு வாரம் என்றது பதினொரு வாரம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு வலது கை பென்சில்கூடப் பிடிக்காமல் போய்விட்டது.

ஜனவரி கடைசியில் வந்தது. கூடத்தில் இதே இடத்தில் உட்கார்ந்து பிரிக்கிறேன். லேபிளில் முப்பத்தெட்டு.

போன் போட்டேன்.

"அக்கா, சார்தானுங்க மாத்தச் சொன்னாரு. நீங்க சொல்லிட்டுப் போன அந்த வாரத்துலயே போன் பண்ணி, முப்பத்தெட்டுன்னு மாத்தீருங்கன்னாருங்க."

"அவர் ஏன் சொல்லணும்? அவர் தோள் நாற்பத்திரண்டு. அளந்தவ நானு."

"ரெண்டு தடவை கேட்டேனுங்க. ரெண்டு தடவையும் முப்பத்தெட்டுன்னுதானுங்க. அப்புறம் சார் இன்னொண்ணும் சொன்னாருங்க..."

"ஜெயசீலன், உங்க தப்பைச் சாகப்போற மனுசன் தலையில போடாதீங்க!"

வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வார்த்தையை அதுவரைக்கும் இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் அந்த அறையில், அதோ அந்தக் கதவு, திறந்துதான் இருந்தது, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போய் வாசலில் நின்றேன். சிரித்தார்.

"எதுக்கு அம்மிணி அந்தாளை வெரட்டற?"

"தப்பா அனுப்பிட்டு உங்க மேல பழி போடறான். திருப்பி அனுப்பப் போறேன்."

"அனுப்பாத. இருக்கட்டும்."

"இதை வெச்சு என்ன செய்யறது? நம்ம வீட்டுல யாருக்கு முப்பத்தெட்டு?"

ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் போல. கோபத்தில் வருகிற அழுகை அது, வேறொன்றும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, "சரி, உனக்கும் யார் மேலயாவது கோபப்படணுமில்ல. ஜெயசீலன் மேல படு. தாங்குவான்" என்றார். "மீதியை அப்புறம் சொல்றேன்."

மீதி என்ன, அவனுக்கு வக்காலத்து வாங்குவார். யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். மார்ச் மாதம் நாக்கு குழறியது. ஏப்ரலில் பேச்சே நின்றுபோயிற்று. ஒன்றிரண்டு தடவை பரணைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தூசி என்கிறார் என்று ஒட்டடை அடித்தேன். ஆகஸ்டில் போய்விட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு கடைக்காரனின் கவனக்குறைவு என்ன செய்யும் என்று. பதினொரு வாரம், அதற்கு மேல் தப்பான அளவு. சரியாக வந்திருந்தால் ஒரு ஞாயிறு கிடைத்திருக்கும். துக்கத்துக்கு ஜெயசீலன் வந்தான். மூலையில் நின்றான். என்னிடம் ஏதோ சொல்ல வந்தான், நான் முகம் கொடுக்கவில்லை. அவருடைய சைக்கிளை ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி. இதுவும் போய்விட்டால் அவனை நினைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்காது.

எழுந்திருங்கள், விலை அப்புறம். முதலில் உங்களுக்குப் பொருந்துமா பார்ப்போம். திரும்பி நில்லுங்கள். பயப்படாதீர்கள், எலும்பைத் தொட்டுத்தான் வைக்க வேண்டும். இதோ, இந்த முடிச்சு. இந்தப் பக்கம் இது. ம்.

முப்பத்தைந்தரை. உங்களுக்கு முப்பத்தாறுதான் சரி. இது பெரிது. வேண்டாம் வெண்ணிலா, இரண்டு சென்டிமீட்டர்தானே என்று சொல்லாதீர்கள். அகலமானதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினால் பாரமெல்லாம் தோளுக்கு ஏறும், தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும். இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

எது, சுவரில் மாட்டியிருக்கிறதா? அது என்னுடையது. கூட வேலை பார்த்த பீட்டரிடம் வாங்கியது. ஆறடி நாலங்குலம் இருப்பான். சீட்டை மட்டும் இறக்கிக்கொண்டேன். மற்றதெல்லாம் அப்படியே. பதினோரு வருடம் அதில்தான் ஓட்டினேன். ஹேண்டில்பார்? அதுவும் பீட்டருடையதுதான், நாற்பத்திரண்டு. எனக்கு என்ன, நான் எதையும் மாற்றியதில்லை. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே. கழுத்து மட்டும்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்னையா? என்னை எதற்கு? இல்லை, அளந்ததில்லை. ஊரையெல்லாம் அளந்தவள்தான், என்னை அளந்துகொண்டதில்லை. சரி, ஆசைப்படுகிறீர்கள், அளந்துகொள்ளுங்கள். இந்தாருங்கள் டேப். திரும்பி உட்காருகிறேன்.

எவ்வளவு?

இருக்காது. டேப் நழுவியிருக்கும். நன்றாகத் தொட்டுப் பார்த்து வையுங்கள், முடிச்சு அங்கே இல்லை, இன்னும் வெளியே. ஆமாம், அதுதான். இப்போது சொல்லுங்கள்.

எவ்வளவு?

அளவு...

அன்றைக்கும் நழுவியது. இரண்டு தடவை நழுவியது. அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படித்தான் பிடித்தாரோ. ஏதோ முணுமுணுத்தார் என்றேனே, நான் காதில் வாங்கவில்லை. மைக்கை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜெயசீலனுக்குப் போன் போட வேண்டும். சண்டைக்கு இல்லை. 'சார் இன்னொண்ணும் சொன்னாருங்க' என்றானே, அது என்ன என்று கேட்க வேண்டும். என்ன வார்த்தையில் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னாரா. அப்படியே, அவர் சொன்ன மாதிரியே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இருங்கள், இப்போது வேண்டாம். டேப் விழுந்தால் விழட்டும். உங்களுக்கு அடுத்த பஸ் இருக்கிறது, நானே கொண்டுபோய் விடுகிறேன். கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம், அப்படியே வைத்திருங்கள்.